காத்தாடிக்கு நிலம்: கிரயமா, குத்தகையா?

கயத்தாறு, கோவில்பட்டி பக்கம் மானாவாரி நிலம் வைத்திருப்பவரிடம் காற்றாலைக்கு இடம் கேட்டு வரும் புரோக்கர் பெரும்பாலும் கிரயத்தைத்தான் முதலில் பேசுவார். மொத்தப் பணமும் ஒரே தடவையில் கைக்கு வரும். கடனை அடைக்க வேண்டும், கல்யாணம் வைத்திருக்கிறோம் என்று நெருக்கடியில் இருப்பவர் விற்றால் அதைக் குறை சொல்ல முடியாது. மற்றவர்கள் விற்கக் கூடாது என்பதே என் கருத்து.

காரணம், காற்றாலையின் ஆயுள் 20, 25 ஆண்டுதான். காற்று வீசும் இடம் மாறாது. 1990களில் முப்பந்தல் பக்கம் நட்ட சிறிய மெஷின்கள் பலவும் 250 கிலோவாட்டுக்கு உட்பட்டவை. இப்போது வருபவை 2 மெகாவாட்டுக்கு மேல். பழையதைக் கழற்றிப் புதியது நிறுவ 2024இல் தமிழக அரசு கொள்கையே வெளியிட்டுவிட்டது. அன்று கிரயம் எழுதிக் கொடுத்தவருக்கு இந்த இரண்டாம் சுற்றில் ஒரு பைசா கிடையாது. குத்தகைக்கு விட்டிருந்தால் மறுபடி பேரம் பேச உட்கார்ந்திருப்பார்.

சரி, எந்த மாதிரிக் குத்தகை? அமெரிக்காவில் மின்சாரம் விற்ற பணத்தில் சதவீதம் தருவது வழக்கம். கேட்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் நம் ஊரில் நல்ல காற்று மே முதல் செப்டம்பர் வரைதான். மின் கட்டமைப்பு (கிரிட்) தாங்காத நேரத்தில் மெஷினை நிறுத்தச் சொல்வார்கள். யூனிட் கணக்கும் கம்பெனி கையில். அதனால் நிலையான வாடகையே மேல், ஆண்டுக்கு 5 சதவீத உயர்வோடு. உதாரணத்துக்கு ஏக்கருக்கு 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உயர்வு இல்லாவிட்டால் 25ஆம் ஆண்டிலும் அதே 30,000தான். இருந்தால் கிட்டத்தட்ட 97,000.

அப்புறம் பாதை. வாடகையை விட இதில்தான் சண்டை வரும். கிரேன் வர கரிசலில் சரளை கொட்டி மேடாக்கினால் மழைத் தண்ணீர் ஒரு பக்கம் தேங்கி உளுந்து அழுகும். பாதை எந்த சர்வே நம்பரில், எத்தனை அடி அகலம், எங்கே குழாய் பதித்துத் தண்ணீரை விடுவது, எல்லாமே பத்திரத்தில் இருக்க வேண்டும். காலம் முடிந்ததும் அடித்தளக் கான்கிரீட்டை எத்தனை அடி ஆழத்துக்கு யார் செலவில் உடைத்து எடுப்பது என்பதும்தான். உழவுக்கு ஆகும் ஆழமாவது கேளுங்கள்.

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும். கம்பெனி தன் குத்தகை உரிமையை வங்கியில் அடகு வைக்கலாம், உங்கள் நிலத்தை வைக்கக் கூடாது. அந்த வரியைத் தனியாக எழுதச் சொல்லுங்கள். உங்கள் சார்பில் கையெழுத்துப் போடும் அதிகாரத்தைத் தரும் பவர் பத்திரம் கேட்டால் கொடுக்காதீர்கள்.