எல்லாம் கேட்கும், காரணம் மட்டும் சொல்லாது

பேச்சைக் கேட்டுப் பதில் சொல்லும் ஸ்மார்ட் ஸ்பீக்கர் ஒன்று வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். வேறொரு சமயத்தில் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லியிருப்பேன். அவர் கேட்ட நேரம் சரியில்லை. பழைய ரூட்டர் மண்டையைப் போட்டு, புதிய ரூட்டர் வந்து, அதோடு என் ஸ்பீக்கரைச் சேர்க்க மல்லுக்கட்டி முடித்திருந்த நேரம். அவருக்குப் போனில் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். ஒலித்தரம், எந்தப் பாட்டு ஆப் ஓடும் என்பதெல்லாம் எங்கும் கிடைக்கும் விவரம். நான் பேச வந்தது வைஃபை பற்றி மட்டும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபத்தில் மறந்துபோகும். இதற்குக் காது அபாரம். கூடத்தில் டிவி ஓடுகிறது, சமையலறையில் குழாய் திறந்திருக்கிறது, அங்கிருந்தபடி சாதாரணக் குரலில் டைமர் வைக்கச் சொன்னால் வைக்கும். மேல்பக்கத்தில் வட்டமாகப் பல மைக்குகள் இருக்கின்றன. குரல் ஒவ்வொரு மைக்கையும் துளி நேர வித்தியாசத்தில் எட்டுவதை வைத்து, பேச்சு எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து, மற்ற சத்தத்தை ஒதுக்குகிறது. இத்தனை வருடமாக ஓய்வில்லாமல் மின்சாரத்திலேயே இருக்கிறது; ஒரு நாளும் சூடேறி மக்கர் பண்ணியதில்லை.

இவ்வளவு கூர்மையான காது உள்ள பொருளிடம் வைஃபை பாஸ்வேர்டை வாயால் சொல்ல முடியாது. திரை இல்லை, எழுத விசைப்பலகை இல்லை. எல்லாம் போனில் இருக்கும் ஸ்பீக்கரின் ஆப் வழியாகத்தான் போக வேண்டும். ஸ்பீக்கர் மேல் இருக்கும் பட்டனை அழுத்திப் பிடித்தால் ஆரஞ்சு விளக்கு சுற்றும். அப்போது ஸ்பீக்கர் தானே ஒரு தற்காலிக வைஃபையை உருவாக்குகிறது. போன் அதில் சேர்ந்து, வீட்டு வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் அதனிடம் ஒப்படைத்துவிட்டு விலக வேண்டும். சில மாடல்களில் இதே வேலை புளூடூத் வழியாக நடக்கும். யோசனை என்னவோ நல்ல யோசனைதான். ஆனால் போனுக்கு இது பிடிப்பதில்லை. ஸ்பீக்கரின் தற்காலிக வைஃபையில் இன்டர்நெட் இல்லை என்று தெரிந்ததும், நமக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். ஆப்பில் வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த ஐந்து நிமிடத்துக்கு மொபைல் டேட்டாவை அணைத்து வைப்பது உத்தமம்.

லொகேஷன் அனுமதி கேட்கும்போது பலர் பதறி மறுத்துவிடுகிறார்கள். விளக்கு போடச் சொல்வதற்கு நான் எங்கே இருக்கிறேன் என்பது எதற்கு என்று தோன்றுவது நியாயம். ஆனால் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் லொகேஷன் அனுமதி இல்லாத ஆப்புக்கு அக்கம்பக்கத்து வைஃபை பட்டியலே தெரியாது. 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6-இலிருந்து அப்படி. பட்டியலை வைத்தே ஒருவர் இருக்கும் இடத்தைக் கணித்துவிடலாம் என்பதால் வந்த கட்டுப்பாடு. ஐபோனில் 2020-இல் வந்த ஐஓஎஸ் 14 முதல், வீட்டு நெட்வொர்க்கில் உள்ள மற்ற கருவிகளைத் தேட ஆப் தனியாக அனுமதி கேட்கும். சேர்க்கும்போது கொடுத்துவிட்டு, பிறகு வேண்டுமானால் பிடுங்கிக்கொள்ளலாம்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அந்த ஒற்றை வரி: "ஏதோ தவறு நடந்துவிட்டது. மீண்டும் முயலவும்."

பாஸ்வேர்டில் ஓர் எழுத்து தப்பா? அதே வரி. ரூட்டர் தூரமா? அதே வரி. ரூட்டருக்கு இன்டர்நெட்டே வரவில்லையா? அதற்கும் அதே வரிதான். எந்தக் காய்ச்சலுக்கும் ஒரே மாத்திரையை நீட்டும் மருத்துவர் மாதிரி. காரணம் ஸ்பீக்கருக்கு நிச்சயம் தெரியும். ரூட்டர் கதவைச் சாத்துவது ஒரு மாதிரி, ரூட்டரே கண்ணில் படாதது வேறு மாதிரி. உள்ளே இருக்கும் சிப் இரண்டையும் பிரித்துத்தான் பார்க்கிறது. சொல்லத்தான் மனமில்லை. கேட்டால் நாளைய வானிலையை மணிவாரியாகச் சொல்லும் வாய் அது.

என் விஷயத்தில் காரணம் இவை எதுவுமில்லை. புதிய ரூட்டர் டபிள்யூபிஏ3 என்ற பாதுகாப்பு முறையை மட்டும் ஏற்கும்படி அமைத்து வந்திருந்தது. அது 2018-இல் அறிமுகமான முறை. என் ஸ்பீக்கருக்கு அதற்கு முந்தைய டபிள்யூபிஏ2 வரைதான் தெரியும். ஆப்பில் வைஃபை பெயர் அழகாகத் தெரிகிறது, தட்டினால் பாஸ்வேர்டு கேட்கிறது, கொடுத்தால் பாதி தூரம் போய் அந்த வரி. போனும் லேப்டாப்பும் அதே வைஃபையில் ஜோராக ஓடுவதால் ரூட்டர் மேல் சந்தேகமே வராது. வாடிக்கையாளர் உதவிக்கு அழைத்தால், எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார்கள். ரூட்டரின் பாதுகாப்பு முறை என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்லவேளை, அவர்கள் பேச்சைக் கேட்டு அழிக்கவில்லை. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டையும் ஏற்கும் கலப்பு முறை ஒன்று இருக்கும். அதற்கு மாற்றினேன். கூடவே வைஃபைக்குப் பழைய ரூட்டரில் இருந்த அதே பெயரையும் அதே பாஸ்வேர்டையும் கொடுத்தேன். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நடுவில் இருந்த கோடு உட்பட அச்சு அசலாக. ஸ்பீக்கரைப் பிளக்கிலிருந்து எடுத்துத் திரும்ப மாட்டினேன். விளக்கு கொஞ்சம் சுற்றியது, அணைந்தது. கூப்பிட்டேன், பதில் சொன்னது. அவ்வளவுதான். ஆப்பைத் திறக்கவே இல்லை.

ரூட்டர் என்ற பெட்டி மாறியது ஸ்பீக்கருக்குத் தெரியாது. பெயரும் பாஸ்வேர்டும் பொருந்தி, தனக்குத் தெரிந்த பாதுகாப்பு முறையும் இருந்தால் அதற்குப் பழைய வீடுதான். எல்லாவற்றையும் அழித்திருந்தால் அந்த நினைவும் போயிருக்கும். ஸ்மார்ட் பல்புகளும் பிளக்குகளும் அடுத்தடுத்துத் தாமாகவே வந்து ஒட்டிக்கொண்டன. மறுபடி சேர்க்க ஒவ்வொரு பல்பையும் மூன்று தடவை அணைத்துப் போட்டு, அது மினுக்குகிறதா என்று அண்ணாந்து பார்க்கும் கொடுமையிலிருந்து தப்பித்தேன். ரூட்டர் மாற்றப் போகிறவர்கள் அதே பெயர், அதே பாஸ்வேர்டு என்ற இந்த ஒன்றையாவது நினைவில் வையுங்கள்.

பல்பு என்றதும் இன்னொன்று. அவற்றில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே பேசும். ஸ்பீக்கர்கள் அனேகமாக 5 கிகாஹெர்ட்ஸையும் ஏற்கும். 5 வேகம் அதிகம், சுவரைத் தாண்டுவதில் சோணி. 2.4 நிதானம், ஆனால் உள்ளறை வரை போகும். குரல் கட்டளைக்கு வேகம் ஒரு பொருட்டே இல்லை. ஸ்பீக்கர் ரூட்டரிலிருந்து இரண்டு சுவர் தள்ளி இருந்தால் 2.4-இலேயே விடுங்கள். மைக்ரோவேவ் அடுப்புக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். அதுவும் ஏறக்குறைய அதே அலைவரிசையில்தான் வேலை செய்கிறது.

விருந்தினருக்கான தனி வைஃபையில் ஸ்பீக்கரைப் போட்டால் கேள்விக்குப் பதில் வரும், ஆனால் போனிலிருந்து பாட்டை அனுப்பினால் பெரும்பாலும் போகாது. அதில் இருக்கும் கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி ரூட்டர் பிரித்து வைப்பதுதான் வழக்கம். விடுதி வைஃபை மாதிரி, இணையப் பக்கம் திறந்து உள்நுழையச் சொல்லும் இடங்களில் பாடு இன்னும் அதிகம். ஸ்பீக்கரில் பிரவுசர் ஏது?

வீட்டில் இன்டர்நெட் போனால் என்ன ஆகும் என்றும் நண்பர் கேட்டார். பெயர் சொல்லிக் கூப்பிடுவதை மட்டும் பெட்டியே கண்டுபிடிக்கிறது. அதற்குப் பின் நாம் பேசுவதெல்லாம் நிறுவனத்தின் சர்வருக்குப் போய்த்தான் அர்த்தம் பெறுகிறது. ஆகவே இணைப்பு இல்லை என்று மன்னிப்புக் கேட்கும். முன்பே வைத்த அலாரம் மட்டும் என்னுடையதில் தவறாமல் அடிக்கிறது, அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

சரி, வாங்கலாமா? வாங்க வேண்டாம் என்றுதான் அவரிடம் சொன்னேன். படுக்கையறைக்கு இன்னொன்று வாங்க விலை இறங்கட்டும் என்று நான் காத்திருப்பதைச் சொல்லவில்லை. ஐந்துக்கு எத்தனை என்றால், போன மாதம் நாலரை கொடுத்திருப்பேன். இன்றைக்கு இரண்டு. அந்த இரண்டும் காதுக்காக.