24 அடி மூடிய டிரெய்லர்: 1957 பெல் ஏரை வைத்து ஓர் அளவெடுப்பு

அமெரிக்காவில் கார் ஏற்ற மூடிய டிரெய்லர் வேண்டும் என்று எந்தக் கடைக்குப் போனாலும் பெரும்பாலும் காட்டுவது ஒரே உருப்படிதான். 8.5 அடி அகலம், 24 அடி நீளம், இரட்டை ஆக்சில், பின்னால் கீழே சாயும் ரேம்ப் கதவு, பக்கத்தில் ஆள் நுழைய ஒரு கதவு, தரையில் காரைக் கட்ட நான்கு டி-வளையம். ஒட்டியிருக்கும் பெயர் மாறும், கூரைத் தகட்டின் தடிமன் மாறும், அடிச்சட்டம் ஏறக்குறைய அதேதான். புல்வெட்டும் இயந்திரத்துக்கும் சந்தைச் சாமானுக்கும் இது அப்படியே போதும். பார்த்துப் பார்த்துப் புதுப்பித்த பழைய காருக்குப் போதாது.

இங்கே அளவுகோல் 1957 ஷெவர்லே பெல் ஏர், இரண்டு கதவு ஹார்ட்டாப். நீளம் 200 அங்குலம், அகலம் 74, வீல்பேஸ் (முன்பின் சக்கர இடைவெளி) 115, எடை சுமார் 3,400 பவுண்டு. இந்தக் கார் ஏறி, ஓட்டியவர் இறங்கி, கட்டி, 500 மைல் போய் ஒரு கீறலும் இல்லாமல் இறங்க வேண்டும் என்றால், பெட்டியில் சில விஷயங்களை ஆர்டர் போடும்போதே தீர்மானித்துவிட வேண்டும். ஆக்சில், ஓட்டுநர் இறங்கும் பக்கக் கதவு, காரைக் கயிற்றால் உள்ளே இழுக்கும் வின்ச் நிற்கும் தகடு ஆகிய மூன்றும் அந்த வகை. விளம்பரப் படத்தில் மின்னும் அலமாரியும் சதுரங்கக் கட்டத் தரையும் பிறகு வந்தால் போதும்.

முதலில் ஆக்சில். விலை குறைந்த 24 அடிப் பெட்டிகள் 3,500 பவுண்டு ஆக்சில் இரண்டோடு வருகின்றன. மொத்த அனுமதி எடை 7,000 பவுண்டு. காலிப் பெட்டியே 3,800 முதல் 4,000 பவுண்டு வரை வரும். மிச்சம் 3,000 சொச்சம். பெல் ஏரை ஏற்றிய கணத்திலேயே எல்லை தாண்டிவிடும், கருவிப் பெட்டியும் ஸ்டெப்னியும் இன்னும் ஏறவே இல்லை. 5,200 பவுண்டு ஆக்சில் இரண்டு போட்ட பெட்டிதான் இந்தக் காருக்குக் குறைந்தபட்சம். அதில் பெரும்பாலும் 9,990 பவுண்டு என்று ஒட்டியிருப்பார்கள். 10,000-ஐத் தாண்டினால் சில விதிகள் மாறும் என்பதால் வைத்த எண் அது. இரண்டு ஆக்சிலிலும் மின்சார பிரேக் இருக்கிறதா என்று குனிந்தே பார்த்துவிடுங்கள்.

லீஃப் ஸ்பிரிங்கா, டார்ஷனா என்ற விவாதம் ஓயாது. டெக்ஸ்டரின் டார்ஃப்ளெக்ஸ் போன்ற டார்ஷன் ஆக்சிலில் ஒவ்வொரு சக்கரமும் ரப்பரின் முறுக்கில் தனித்தனியாக அசைகிறது. குலுக்கல் குறைவு, தரையும் தாழ்வாக வைக்கலாம். ஆனால் லீஃப் ஸ்பிரிங்கில் நடுவில் உள்ள ஈக்வலைசர் இரண்டு ஆக்சிலுக்கும் எடையைப் பங்கிடுவது போல இதில் நடக்காது. மூக்கு தூக்கியபடி இழுத்தால் பின் ஆக்சில் மட்டும் அடிபடும். ஹிட்ச் (இழுக்கும் வண்டியோடு மாட்டும் கொக்கி) உயரத்தைச் சரிசெய்து, டிரெய்லரை மட்டமாக நிறுத்தி இழுப்பவருக்கு டார்ஷன். வாரத்துக்கு ஒரு வண்டியாக மாற்றி மாட்டுபவர் லீஃப் ஸ்பிரிங்கோடு இருப்பது நல்லது.

டயரில்தான் பெட்டி செய்பவர்கள் சிக்கனம் பார்க்கிறார்கள். யானை வாங்கியவர் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கிற கதை. எஸ்டி (டிரெய்லருக்கான டயர்) 205/75ஆர்15, லோட் ரேஞ்ச் எனப்படும் சுமை வகுப்பு சி, 50 பிஎஸ்ஐ காற்றில் ஒரு டயர் 1,820 பவுண்டுதான் தாங்கும். 5,200 பவுண்டு ஆக்சிலுக்கு எஸ்டி 225/75ஆர்15 டி (65 பிஎஸ்ஐயில் 2,540) கிட்டத்தட்ட விளிம்பில் நிற்கிறது, இ (80 பிஎஸ்ஐயில் 2,830) நிம்மதி. டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதில்லை, நின்ற இடத்திலேயே வயதாகிச் சாகிறது. பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. ஐந்தாறு வருடம் ஆனால் பூ தேயாவிட்டாலும் மாற்றுங்கள். சக்கர நட்டுகளை முதல் ஓட்டத்தில் 10, 25, 50 மைலில் டார்க் ரெஞ்ச் போட்டுத் திரும்ப முடுக்க வேண்டும்.

இனி முக்கியமான இடம். சுவருக்குச் சுவர் உள்ளகலம் 97 அங்குலம் பக்கம் இருந்தாலும், டிரெய்லர் டயர்களை மூடி உள்ளே துருத்தி நிற்கும் இரண்டு சக்கரப் பெட்டிகளுக்கு நடுவே 81 அல்லது 82 அங்குலம்தான். 74 அங்குலக் கார் உள்ளே போனால் சக்கரப் பெட்டியிலிருந்து பக்கத்துக்கு நாலு அங்குலமும் சுவரிலிருந்து பதினொன்றரை அங்குலமும் மிஞ்சும். இரண்டு கதவுக் காரின் நீளக் கதவை அந்த இடைவெளியில் திறந்து இறங்க ஒல்லியானவராலும் முடியாது. ஜன்னல் வழியாக ஊர்ந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். பெல்ட் பக்கிள் கதவில் உரசிய பிறகுதான் நிறுத்துவார்கள்.

இதற்கு மருந்து தப்பிக்கும் கதவு. சுவரில் ஐந்தாறு அடி அகலத்துக்கு ஒரு பெரிய கதவு, அதன் கீழே கழற்றி எடுக்கக்கூடிய சக்கரப் பெட்டி. கார் நின்றதும் டிரெய்லர் சுவரைத் திறந்துவிட்டால் கார் கதவு வெளிக்காற்றில் விரியும். சுவர்த் தூண்கள்தான் கூரையைத் தாங்குகின்றன என்பதால் இதைப் பிறகு வெட்டி வைப்பது நல்ல யோசனை அல்ல. கட்டும்போதே மேலே குறுக்குச் சட்டம் கொடுத்து வைத்தால்தான் உறுதி. ஆனால் அந்தக் கதவு எந்த இடத்தில் வர வேண்டும் என்பதைக் கடைக்காரர் சொல்ல முடியாது. கார் எங்கே நிற்கிறதோ அங்கே. கார் எங்கே நிற்கும் என்பதை முடிவு செய்வது ஹிட்ச் பந்தின் மேல் இறங்கும் எடை.

கணக்கு எளிது. டிரெய்லர் 4,000, கார் 3,400, சாமான் 400, ஆக 7,800 பவுண்டு. இதில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் பந்தில் இறங்க வேண்டும். 10-க்குக் கீழே போனால் நெடுஞ்சாலையில் வால் ஆட ஆரம்பிக்கும், ஆட ஆரம்பித்ததை அடக்குவது கடினம். 12 சதவீதம் வைத்தால் 936 பவுண்டு. ஹிட்ச் பந்திலிருந்து இரண்டு ஆக்சிலின் நடுப்புள்ளிக்கு 18 அடி, அதாவது 216 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், காரை ஒரு அங்குலம் முன்னே நகர்த்தும்போது பந்தில் ஏறக்குறைய 16 பவுண்டு கூடும். அரை அடி நகர்த்தினால் 94 பவுண்டு. காலியாக 450 பவுண்டு காட்டும் பெட்டியில், மற்ற சாமானை ஆக்சில் மேலேயே வைத்தால், காரின் எடைமையம் ஆக்சில் நடுப்புள்ளிக்கு இரண்டரை அடி முன்னால் நிற்க வேண்டும். பெல் ஏரில் எடைமையம் முன் சக்கரத்துக்குச் சுமார் நாலரை அடி பின்னால். போட்டுப் பார்த்தால் ஓட்டுநர் கதவு சக்கரப் பெட்டியின் முன்பாதிக்கு நேராக வருகிறது.

அலமாரியைக் கடைசியில் வாங்கச் சொன்னதும் இதனால்தான். மூக்குப் பகுதியில், ஆக்சிலுக்கு 14 அடி முன்னால், கருவிகளோடு 300 பவுண்டு அலமாரி வைத்தால் பந்தில் 230 பவுண்டு கூடும். அதை ஈடுகட்டக் காரை 15 அங்குலம் பின்னே தள்ள வேண்டும். அளந்து வைத்த தப்பிக்கும் கதவு இப்போது கார் கதவுக்கு நேரில் இல்லை. ஆகவே அலமாரி வரப்போகிறதா இல்லையா என்பதை முதலில் முடிவு செய்து, பிறகு கதவின் இடத்தைச் சொல்லுங்கள். எடைமேடையில் ஒருமுறை சரிபார்த்ததும் முன் சக்கரம் நிற்கும் இடத்தில் தரையில் வண்ண டேப் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. இழுக்கும் வண்டியில் எடையைப் பங்கிடும் ஹிட்ச் இல்லாமல் இந்தச் சுமையைத் தொடாதீர்கள்.

வின்ச். தரை உயரம் 21 அங்குலம், முன்மடிப்போடு சேர்த்து ரேம்ப் 8 அடி என்றால் சரிவு பன்னிரண்டரை டிகிரி. 3,400 பவுண்டுக் காரை அதில் ஏற்ற ஏறக்குறைய 800 பவுண்டு இழுவை போதும். அப்படியிருந்தும் 4,500 அல்லது 5,000 பவுண்டு வின்ச் வாங்கச் சொல்வதற்குக் காரணம், வின்ச்சில் எழுதிய திறன் உருளையில் முதல் சுற்றுக் கயிற்றுக்கு மட்டும். மேல் சுற்றுகளில் ஒவ்வொன்றுக்கும் குறைந்துகொண்டே போகும். இரும்புக் கம்பிக்கயிறு வேண்டாம், அதன் பிசிறு கையையும் குரோமையும் கிழிக்கும். செயற்கை இழைக்கயிறு போடுங்கள்.

வின்ச்சைப் பிளைவுட்டில் ஸ்க்ரூ போட்டு நிறுத்திய பெட்டிகளைப் பழைய வண்டிச் சந்தையில் சர்வ சாதாரணமாகப் பார்க்கலாம். கால் அங்குல எஃகுத் தகடு, அடியில் இரண்டு குறுக்குச் சட்டங்களோடு வெல்டு, அதன் மேல்தான் வின்ச். மிகச் சரியாக நடுக்கோட்டில் இருக்க வேண்டும். இரண்டு அங்குலம் விலகினாலும் கார் கோணலாக ஏறும், நாலு அங்குல இடைவெளியில் அதைத் திருத்த இடமில்லை. கயிற்றை பம்பர் பிராக்கெட்டில் மாட்டாமல், சேஸியின் இரண்டு பக்கமும் பிடிக்கும் கவைப்பட்டை போடுங்கள். மின்சாரம் இழுக்கும் வண்டியின் ஏழு முள் இணைப்பிலிருந்து வராது. அந்த வயர் மெல்லியது, வின்ச் நூறு ஆம்பியரைக்கூடத் தாண்டும். பக்கத்திலேயே ஒரு குரூப் 31 பேட்டரி, 2 கேஜ் கேபிள், பேட்டரியை ஒட்டி ஒரு சர்க்யூட் பிரேக்கர், வீட்டில் நிற்கும்போது சார்ஜர். வயரில்லா ரிமோட் ஆடம்பரம் இல்லை: காரோடு கூடவே நடந்து சக்கரப் பெட்டியைக் கவனிக்க அதுதான் வழி.

கட்டுவதைப் பற்றி. பெட்டியோடு வரும் டி-வளையத்தில் 5,000 பவுண்டு என்று பெருமையாக எழுதியிருக்கும். பல வளையங்களில் அது அறுபடும் அளவு. வேலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது அதில் மூன்றில் ஒன்று, 1,667. வணிக வாகனங்களுக்கான அமெரிக்க விதி, முன்னோக்கிய பிரேக் அதிர்ச்சிக்கு 0.8 மடங்கு எடையைத் தாங்கச் சொல்கிறது. நம் காருக்கு 2,720 பவுண்டு. சொந்த டிரெய்லருக்கும் அந்த அளவே நியாயமானது. பிரேக் அடிக்கும்போது காரைப் பிடிப்பவை பின்பக்க ஸ்ட்ராப் இரண்டு மட்டும். 45 டிகிரியில் கட்டினால் ஒவ்வொன்றின் பலத்தில் பத்தில் ஏழு பங்கே முன்பின் திசைக்கு உதவும். 1,667 வளையம் இரண்டில் 2,330 சொச்சம் கிடைக்கிறது, போதவில்லை. 10,000 பவுண்டில் அறுபடும் 2 அங்குல ஸ்ட்ராப்பின் வேலைத்திறன் 3,333, இரண்டுக்கு 4,700 பக்கம். பலவீனம் ஸ்ட்ராப்பில் இல்லை, வளையத்தில் இருக்கிறது. அரை அங்குல கிரேடு 8 போல்ட், அடியில் கால் அங்குலத் தகடு, குறுக்குச் சட்டத்தோடு பிடித்த பெரிய வளையமாக மாற்றுங்கள். ஸ்ட்ராப் மாட்டத் துளைகள் உள்ள ஈ-டிராக் தண்டவாளத்தை வெறும் பிளைவுட்டில் மர ஸ்க்ரூ போட்டுப் பிடித்தால், தண்டவாளத்தில் எழுதிய திறன் வெறும் எழுத்துதான்.

எதைப் பிடித்துக் கட்டுவது? சேஸியைப் பிடித்து இறுக்கினால் ஸ்பிரிங் அமுங்கியபடியே நாள் முழுக்கப் போகும். குழியில் இறங்கும் நொடியில் ஸ்ட்ராப் தளரும், பிறகு வெட்டி இழுக்கும். பின்னால் ஆக்சில், முன்னால் சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கன்ட்ரோல் ஆர்ம்: இவற்றைப் பிடித்தால் உடம்பு தன் ஸ்பிரிங்கில் தானாக ஆடிக்கொள்ளும். எச்சரிக்கை ஒன்று உண்டு. பின் ஆக்சில் குழாயின் மேலேயே பிரேக் பைப் ஓடுகிறது. ஸ்ட்ராப்பைச் சுற்றுமுன் விரலால் தடவிப் பார்த்து, பைப்புக்கும் ஸ்ட்ராப்புக்கும் இடைவெளி இருக்கும் இடத்தில் மட்டும் சுற்றுங்கள். நசுங்கிய பைப் அன்றைக்கே தெரியாது, இறக்கி ஓட்டும்போதுதான் தெரியும். ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடில் கொக்கி மாட்டுவது பாவம். டயரைச் சுற்றிப் பிடிக்கும் ஸ்ட்ராப் புதிய கார்களுக்கு அருமை. மட்கார்டு டயரின் தலையை மூடி இறங்கும் பழைய கார்களில் அது பெயின்ட்டை உரசும், வெள்ளைப்பட்டை டயரில் கறையும் விடும். பின் ஸ்ட்ராப்புகளைக் குறுக்காகப் போட்டால் பக்கவாட்டு நகர்வு குறையும். புறப்பட்ட பத்திருபது மைலில் நிறுத்தி ஒருமுறை முடுக்குங்கள்.

தரை முக்கால் அங்குலப் பிளைவுட். குறுக்குச் சட்டங்கள் 16 அங்குல இடைவெளியில் இருந்தால் வேலை நடக்கும், 12 என்றால் உத்தமம். எபாக்சி பூச்சு பார்க்க அழகு, ஆனால் பிளைவுட் வளையும்போது இணைப்புகளில் வெடிக்கும். காசு வட்டம் போட்ட வினைல் விரிப்பு துடைக்க எளிது, ஈரத்தில் வழுக்கும், டயர் நின்ற இடத்தில் பழுப்புக் கறையும் விழும். எதைப் போட்டாலும் கார் எண்ணெய் சொட்டும், சொட்டுத் தட்டு வையுங்கள்.

கூரையை அலட்சியம் செய்யாதீர்கள். உள்மறைப்பு இல்லாத ஒற்றைத் தகடு, குளிர் இரவுக்குப் பிறகு வியர்த்துப் புதுப் பெயின்ட் மேல் சொட்டும். காப்பு அடைத்து மேல்மறைப்புப் போட்ட கூரையும், எதிரெதிர்ச் சுவரில் காற்றுத் துளைகளும் வேண்டும். கார்புரேட்டர் காரின் பெட்ரோல் ஆவி வெளியேறவும் அதே துளைகள்தான். டாங்கில் கால்வாசிக்கு மேல் வேண்டாம், பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். போகிற வழியில் காருக்கு உறை போடுவது அக்கறை போலத் தோன்றும். குலுக்கலில் உறைக்கு அடியில் உள்ள தூசி உப்புத்தாள் வேலை செய்யும். மூடிய பெட்டிக்குள் கார் வெறுமனே போகட்டும்.

டேடோனா கூபே பந்தயக் காரை வடிவமைத்த பீட்டர் பிராக், காற்றைக் கிழிக்கும் வடிவில் ஏரோவால்ட் என்ற அலுமினிய டிரெய்லரை வரைந்தார். பெட்ரோல் செலவை நினைத்துத் தூங்காதவர்கள் அந்தப் பக்கம் போய்ப் பார்க்கலாம்.

ஏற்றும்போது டிரெய்லர் வண்டியில் மாட்டியே இருக்க வேண்டும், சக்கரத்துக்குக் கட்டை, பின்மூலைகள் இரண்டிலும் ஜாக்கி. இல்லாவிட்டால் காரின் எடை ரேம்ப்பில் ஏறும்போது மூக்கு தூக்கி, இழுக்கும் வண்டியின் பின்சக்கரத்தையும் தூக்கப் பார்க்கும். பெல் ஏரின் நீண்ட வால் தரையில் உரசினால், ஜாக்கிகளை இறக்கும் முன்பே மூக்கு ஜாக்கியைச் சற்று உயர்த்துங்கள். பின்பக்கம் தாழ்ந்து சரிவு குறையும். அதோடு ரேம்ப் முனைக்கு அடியில் இரண்டு அங்குலப் பலகை. புறப்படும் முன் அந்தப் பின் ஜாக்கிகளைத் தூக்கினீர்களா என்று நடந்து போய்ப் பாருங்கள், முதல் வேகத்தடையிலேயே வளைவது அவைதான்.