பெரிய டாரட் சீட்டு: கையால் வெட்டுவதா, பைண்டிங் கடையில் கொடுப்பதா?

குறி பார்க்கும் டாரட் சீட்டின் வழக்கமான அளவு 70 × 120 மில்லிமீட்டர். என்னிடம் இருப்பது ‘தோத்’ என்ற டாரட் கட்டின் பெரிய அளவு: 95 × 140. 78 சீட்டையும் கைக்குள் அடக்கிக் கலைப்பது என்னால் முடியாத காரியம். மேசையில் பரப்பிக் குழப்பலாம்தான். ஆனால் பாம்பனில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் சன்னலைத் திறந்தால் மேசையெல்லாம் பொடிமணல். மணலில் தேய்வதைவிடக் குறுகிப்போவது மேல் என்று பக்க விளிம்புகளை வெட்டிவிட்டேன்.

சிறிய அளவிலும் இதே கட்டு கிடைக்கிறது. ஃபிரீடா ஹாரிஸ் தீட்டிய நுணுக்கங்களைக் கண்ணை இடுக்கிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. கத்தரிக்கோலில் கோடு வளையும், அதுவும் வேண்டாம். மிஞ்சியவை இரண்டு: ராமநாதபுரத்து பைண்டிங் கடையின் கட்டிங் மெஷின், அல்லது வீட்டில் ஸ்டீல் ஸ்கேலும் கட்டர் கத்தியும்.

மெஷினின் பலம், எல்லாச் சீட்டும் ஒரே அகலத்தில் வருவது. இது வெறும் அழகு சார்ந்த விஷயம் அல்ல. வித்தைக்காரர்கள் வேண்டுமென்றே ஒரு சீட்டை இம்மி குறைத்து வெட்டி வைப்பார்கள். விரலால் ஓரத்தை வருடினால் அது இருக்கும் இடம் தட்டுப்பட்டுவிடும். டாரட் கட்டில் அப்படி ஒன்று அமைந்தால் அதே சீட்டு திரும்பத் திரும்ப வரும். குறி கேட்பவர் அதை விதி என்று எண்ணிக்கொள்வார்! கையால் வெட்டுகிறவர் பலகையில் ஒரு தடுப்புக் கட்டை அடித்து, எல்லாச் சீட்டையும் அதில் முட்டவைத்தே வெட்ட வேண்டும். இடமும் வலமும் சமமாகக் குறையவேண்டும். இல்லாவிட்டால் முதுகுப்புற டிசைன் ஒதுங்கிவிடும்; திருப்பிப் பிடித்தாலும் ஒரே மாதிரி தெரியும் முதுகு உள்ள கட்டானால், தலைகீழாக இருக்கும் சீட்டு திறக்காமலே தெரிந்துவிடும்.

இவ்வளவு தொல்லை இருந்தும் என் ஓட்டு கத்திக்கே. காரணம், வெட்டிய ஓரம் நம் கடற்கரையில் என்ன ஆகிறது என்பது. சீட்டின் முகத்திலும் முதுகிலும் மெல்லிய பிளாஸ்டிக் படலம் இருக்கிறது; ஓரத்தில் அட்டையின் நார் திறந்தே கிடக்கிறது. தொழிற்சாலை வெட்டிலும் அப்படித்தான், ஆனால் அங்கே படலம் அட்டையோடு ஒட்டி நிற்கும். கடை மெஷினோ பில் புத்தகமும் கல்யாணப் பத்திரிகையுமாக நாள் முழுவதும் வெட்டுவது. மழுங்கிய பிளேடு அட்டையை அறுப்பதற்குப் பதில் நசுக்கிவிடும். பரிசோதனைக்காக ஒரு பழைய விளையாட்டுச் சீட்டுக் கட்டைக் கொடுத்து வெட்டி வாங்கினேன். ஐப்பசி மழை தொடங்கியதும் ஓரங்கள் ஊதின, படலம் பிரிந்தது, கலைக்கும்போது ஒன்றில் ஒன்று சிக்கியது. உப்புக்காற்றில் படியும் உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பிரிந்த ஓரம் பிறகு சேராது.

கட்டர் கத்தியில் நுனியை உடைத்து உடைத்துப் புதிய கூரோடு வெட்டலாம். ஒரே அழுத்தில் அறுக்காமல் இரண்டு மூன்று இழுப்பாக மெல்ல வெட்டினால் படலம் பிரிவதில்லை. மூலைகளை வளைக்க, ஐடி கார்டு லேமினேஷன் கடைகளில் இருக்கும் கார்னர் கட்டர் போதும். 312 மூலைகள், பொறுமை வேண்டும். பிறகு சீட்டுக்கட்டை இறுக்கிப் பிடித்து நுண்ணிய உப்புத்தாளால் ஓரத்தைத் தேய்த்து, அக்ரிலிக் பெயிண்டை ஸ்பாஞ்சில் தொட்டு மெல்ல ஒற்றி, காய்வதற்குள் சீட்டுகளைப் பிரித்துவிட வேண்டும். என் கட்டு படலம் ஒட்டியது. அதில் இந்தப் பூச்சு மழைக்காலத்தைத் தாங்கியது. வார்னிஷ் மட்டும் பூசிய சீட்டுக்கும் இதே உறுதியை என்னால் தர முடியாது. எப்படியானாலும் மூடி இறுகிய எவர்சில்வர் டப்பாவும் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலமும் தேவை.

பின்னால் விற்கும் எண்ணம் இருந்தால் வெட்டவே வேண்டாம், விலை போகாது. தோத் கட்டில் சீட்டின் பெயர் கீழ் விளிம்பில்தான் அச்சாகியிருக்கிறது, ஆகவே நான் உயரத்தில் கை வைக்கவில்லை. கலைக்க இடைஞ்சல் தருவதும் அகலம்தான். பொறுமை இல்லாதவர்கள் கடைக்கே போகலாம். பிளேடைச் சாணை பிடித்து வரும் நாள் எது என்று கேட்டுக்கொண்டு, அன்றைய முதல் வெட்டாக உங்கள் கட்டைக் கொடுங்கள்.