குழாய்ச் சட்டத்தில் இடமில்லாத மிதிவண்டிக்குப் பேட்டரியை எங்கே ஏற்றுவது? பினாங்குச் சாலைகளுக்கான ஓர் ஒப்பீடு

சாதாரண மிதிவண்டியை மின்வண்டியாக்க மோட்டார் பொருத்தும் தொகுப்புகளை விற்பவர்கள் காட்டும் படங்களில் மிதிவண்டி எப்போதும் உயரமாகவும், அதன் குழாய்ச் சட்டத்தின் நடுவே அகன்ற முக்கோணத்தோடும் இருக்கும். அதன் சாய்ந்த கீழ்க்குழாயில், தண்ணீர்ப் புட்டி மாட்டும் இரண்டு திருகுகளின் மேல், முக்கால் முழத்துக்குச் சற்றுக் கூடுதலான நீளமுள்ள பேட்டரி கச்சிதமாக அமர்ந்திருக்கும். ஜார்ஜ் டவுனில் அன்றாடம் ஓடும் வண்டிகள் பல அந்த வார்ப்பில் அடங்குவதில்லை. 20 அங்குலச் சக்கர மடக்கு மிதிவண்டி, மளிகைக் கடைகளின் முன் நிற்கும் குறுக்குக் கம்பி இல்லாத கூடை வண்டி, குட்டையானவர்களுக்கான சிறிய சட்டம், பின்சக்கரத்துக்கு அதிர்வுதாங்கி உள்ள மலை மிதிவண்டி ஆகிய எவற்றிலும் அந்த இடம் கிடையாது, அல்லது இருந்தும் போதாது.

இடத்தைத் தேடுவதற்கு முன் பேட்டரியின் அளவைக் கேள்விக்கு உட்படுத்துவது நல்லது. 36 வோல்ட், 14 ஆம்பியர்-மணி கொண்ட பேட்டரி ஏறத்தாழ 500 வாட்-மணி ஆற்றலைத் தாங்குகிறது. அதில் 18650 எனப்படும் உருளை வடிவ லித்தியம் செல்கள் 40 இருக்கும், உறையோடு சேர்த்தால் எடை 3 கிலோவை நெருங்கும். அதே வோல்ட்டில் 7 ஆம்பியர்-மணி என்றால் 20 செல்கள் போதும். எடை ஒன்றரைக் கிலோ அளவிலேயே நின்றுவிடும். மிதித்துக்கொண்டே மோட்டாரின் துணையைப் பெறுபவருக்குச் சமதரையில் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 10 வாட்-மணி செலவாகும் என்று கொண்டால், ஜார்ஜ் டவுனிலிருந்து பாயான் லெப்பாஸ் வரை ஒருவழிப் பயணத்துக்குச் சிறிய பேட்டரியே தாராளம். வேலையிடத்தில் சார்ஜ் செய்ய முடியுமானால் திரும்பும் வழிக்கும் கவலையில்லை. ஆனால் இரண்டு செல் வரிசை மட்டுமே உள்ள பேட்டரியில் 15 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் கன்ட்ரோலரை, அதாவது மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் கருவியை, பொருத்துவது செல்களை வதைப்பதாகும். 250 வாட் மோட்டாரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். தஞ்சோங் பூங்கா என்னும் ஊரைத் தாண்டி பத்து ஃபெரிங்கி வரையுள்ள ஏற்ற இறக்கங்களை நாள்தோறும் கடப்பவர் மட்டும் பெரியதை நாடலாம். என் கணிப்பில், இடமில்லை என்று புலம்புபவர்களில் பாதிப் பேரின் சிக்கல் இந்தக் கணக்கோடு தீர்ந்துவிடும்.

மீதிப் பேருக்கு முதலில் கண்ணில் படுவது பின் கேரியர். பேட்டரியைத் தட்டையாகச் செருகும் ஈரடுக்குக் கேரியர்கள் கிடைக்கின்றன. கீழடுக்கில் பேட்டரி, மேலடுக்கில் சுமை. லெபோ பாசார் கடைத்தெருவில் அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் ஏற்றிச் செல்பவருக்கு இந்த மேலடுக்கு இல்லாமல் பிழைப்பு நடக்காது. பூட்டும் சாவியும் இருப்பதால் வண்டியைக் கீழே விட்டுவிட்டுப் பேட்டரியை மட்டும் உருவிக்கொண்டு மாடி ஏறலாம். அடுக்குமாடி வீடுகள் நிறைந்த இந்தத் தீவில் இது சிறிய வசதி அன்று. இந்தக் கேரியரின் குறை, எடை விழும் இடத்தில் இருக்கிறது. பேட்டரி உயரத்திலும் பின்சக்கர அச்சுக்கு மேலும் பின்னும் அமர்வதால், மோட்டாரும் பின்சக்கரத்திலேயே இருந்தால் ஆரக்கம்பிகளின் மேல் எல்லாப் பாரமும் விழுகிறது. ஏற்றத்தில் முன்சக்கரம் இலேசாகிவிடுகிறது. தண்ணீர்மலைக் கோவிலை நோக்கி ஏறும்போது ஹேண்டில் கையில் நிற்காமல் அலைவதற்கு இதுவே காரணம். குறுக்குக் கம்பி இல்லாத வண்டியில் சட்டமே சற்று வளைந்து கொடுப்பதால் இந்த ஆட்டம் இன்னும் கூடுதலாகத் தெரியும்.

மடக்கு மிதிவண்டிக்கு நான் முன்பக்கத்தையே சொல்வேன், ஆனால் எந்த முன்பக்கம் என்பதில் கவனம் வேண்டும். ஹேண்டில்பாரில் தொங்கும் பையில் பேட்டரியை வைத்தால், ஒவ்வொரு திருப்பத்திலும் அந்த எடையும் சேர்ந்து திரும்பும். மெதுவாகப் போகும்போது வண்டி ஒரு பக்கமாகச் சாய இழுக்கும். பிராம்ப்டன் என்னும் பிரிட்டிஷ் நிறுவனத்தின் மடக்கு வண்டிகள் போன்றவற்றில் பையைத் தாங்கும் கட்டை, ஹேண்டிலோடு திரும்பாத முன்குழாயில், அதாவது சட்டத்தின் மேலேயே, திருகப்பட்டிருக்கிறது. ஹேண்டில் திரும்பினாலும் பை நேராகவே நிற்கும். அந்த நிறுவனம் தன் மின் வண்டிக்கே 300 வாட்-மணி பேட்டரியை இப்படி முன்பையில் வைத்து, மோட்டாரை முன்சக்கரத்தில் பொருத்தியது தற்செயல் அன்று: முன்சக்கர மோட்டாருக்குப் பிடிப்பு வேண்டுமானால் அந்தச் சக்கரத்தின் மேல் பாரம் வேண்டும். மழையில் நனைந்த சாலைக் கோட்டின் மேல் முன்சக்கரம் சுழன்று வழுக்குவதைக் கண்டவருக்கு இது புரியும். மோட்டார் முன்னே என்றால் பேட்டரியும் முன்னே, மோட்டார் பின்னே என்றால் பேட்டரியை முடிந்தவரை நடுவிலோ முன்னோ வைப்பது என்பது இங்கே ஓரளவு கைகொடுக்கும் விதி. அக்கரையிலுள்ள பட்டர்வொர்த்திலிருந்து படகில் வருபவர்களுக்கும் இந்த முன்பை ஏற்றது. கார்கள் ஏறுவது நின்றுபோன அந்தப் படகில் மிதிவண்டிக்கு இடம் உண்டு, பையைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டால் வண்டியும் உருட்ட இலேசாகிவிடும்.

இருக்கைக் குழாயின் பின்னே தொங்கவிடும் பையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒன்றரைக் கிலோவுக்கு மேல் அது ஊஞ்சலாடும். குட்டையானவர் இருக்கையை இறக்கினால் சக்கரத்தில் உரசும். கீழ்க்குழாயின் அடிப்புறத்தில் கட்டுவது எடைக்கு மிக நல்ல இடம் என்றாலும், முன்சக்கரம் வாரியடிக்கும் சேற்று நீர் நேராக இணைப்புகளின் மேல் விழும், நடைபாதை விளிம்பில் ஏற்றும்போது பேட்டரியின் வயிறு இடிக்கும்.

முதுகுப்பை யோசனை விரிவாகப் பேசத் தக்கது, ஏனெனில் அதன் நன்மைகள் உண்மையானவை. வண்டியில் ஒரு திருகு கூடத் தொடத் தேவையில்லை, குழிகளின் அதிர்வை உடலே வாங்கிக்கொள்வதால் செல் இணைப்புகள் நீண்டநாள் தாங்கும், திருட்டுப் பயமில்லை, அதிர்வுதாங்கி வண்டியின் பின்பகுதி தடையின்றி அசையலாம். ஆயினும் நான் இதைக் கடைசியில்தான் வைப்பேன். விழுந்தால் முதுகெலும்புக்கும் தரைக்கும் நடுவில் 3 கிலோக் கட்டி இருக்கும். செல் பழுதாகிப் புகையத் தொடங்கினால் வார்களைக் கழற்றும் நேரம் கூடக் கிடைக்காமல் போகலாம். நம் புழுக்கத்தில் முதுகின் வியர்வை பையின் துணியை ஊடுருவி இணைப்பு முனைகளில் உப்பாகப் படிவதையும் மறக்கக் கூடாது. வேறு வழியே இல்லாதவர், உறுதியான உறைக்குள் பேட்டரியை வைத்து, இடுப்புக்கு அருகே இழுத்தால் தானே பிரியும் இணைப்பை அமைத்துக்கொள்ள வேண்டும். இறங்கும்போது கம்பியை மறந்து நடந்தால் பிரிய வேண்டியது அந்த இணைப்பு, அறுபட வேண்டியது கம்பி அன்று.

பின் அதிர்வுதாங்கி உள்ள வண்டிக்கு எனக்குப் பிடித்த தீர்வு பேட்டரியைப் பிரிப்பது. 7 ஆம்பியர்-மணிப் பேட்டரிகள் இரண்டை வாங்கி, ஒன்றை முன்குழாயை ஒட்டிய சிறு முக்கோணப் பையிலும் மற்றொன்றை மேல்குழாயின் மேலும் கட்டலாம். செலவு சற்றுக் கூடும், உறையும் பாதுகாப்புச் சுற்றும் இரண்டாகும். இரண்டையும் இணையாகச் சேர்த்தே ஓட்ட விரும்புபவர் முதலில் வோல்ட்மீட்டரை எடுக்க வேண்டும்: ஒன்று முழுச் சார்ஜில் 42 வோல்ட்டிலும் மற்றது 34 வோல்ட்டிலும் இருக்கும்போது இணைத்தால், நிரம்பியதிலிருந்து வெறுமையானதற்குக் கட்டுக்கடங்காத மின்னோட்டம் பாயும். அதைவிட எளிது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாட்டி, தீர்ந்ததும் மற்றதற்கு மாறுவது; மாற்றுவதற்கு நின்றாக வேண்டும், அவ்வளவுதான்.

எந்த இடத்தைத் தேர்ந்தாலும் கம்பி நீளும். ஒரு மீட்டர் நீளும் இணைப்புக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போதும். 15 ஆம்பியரில் போகவரச் சேர்த்து இழப்பு கால் வோல்ட்டைத் தாண்டாது. ஃப்யூஸ் பேட்டரியின் பக்கத்திலேயே இருக்க வேண்டும், கன்ட்ரோலர் பக்கத்தில் இருந்தால் நடுவில் உராய்ந்து தேய்ந்த கம்பியை அது காக்காது. கன்ட்ரோலருக்குள் நுழையும் முன் கம்பியைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டுக் கட்டினால், மாலை மழையின் நீர் அந்த வளைவின் அடியிலிருந்து சொட்டிவிடும், உள்ளே போகாது.