வண்டிக்கு ஸ்டீரியோ மாற்றப் போகிறீர்களா? என் 18,500 ரூபாய் போன விதத்தைப் படித்துவிட்டுப் போங்கள்

கை இன்னும் நடுங்குகிறது. அந்தக் கடைக்காரர் என் எண்ணை வாட்ஸ்அப்பில் தடுத்து அரை மணி நேரம்தான் ஆகிறது. கடையின் பெயரை எழுதப் போவதில்லை. புதுச்சேரி நூறடிச் சாலையில் சீட் கவர், ஸ்பீக்கர், கேமரா எல்லாம் மாட்டித் தரும் கடைகளில் ஒன்று என்பது போதும்.

என் கார் 2016-இல் வாங்கியது. அதில் இருந்த ஸ்டீரியோவில் எஃப்எம் கேட்கும், பென் டிரைவ் பாடும். போனில் உள்ள வரைபடம் மட்டும் திரையில் வராது. கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து சென்னைக்கு மாதம் இருமுறை போகிறவனுக்கு அது ஒரு குறை. ஆண்ட்ராய்டு ஆட்டோ (போனில் உள்ள வரைபடத்தையும் பாட்டையும் கார்த் திரையில் கொண்டுவந்து, அந்தத் திரையிலேயே தொட்டு இயக்க வைக்கும் வசதி) வயர் இல்லாமலே வேலை செய்யும் ஒன்பது அங்குலத் திரை, மாட்டுக்கூலியோடு 18,500 ரூபாய் என்றார்கள். சனிக்கிழமை காலை போனேன்.

நான் ஏமாந்த இடம் எது என்று எனக்கு இப்போது துல்லியமாகத் தெரியும். கடைக்காரர் தேநீர் வரவழைத்தார். கடலூர் என்றதும், "எங்க அம்மா ஊரு திருப்பாதிரிப்புலியூர் சார், நம்ம ஊர்க்காரருக்குத் தப்பா குடுப்பேனா" என்றார். பிறகு தன் போனையே எடுத்து, மேசையில் இருந்த மாதிரித் திரையில் இணைத்து, வரைபடத்தைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் காட்டினார். நான் மயங்கிப் போனேன். அவர் போனைக் கையிலிருந்து ஒரு நொடியும் கீழே வைக்கவில்லை என்பதையும், விரலைத் திரையில் வைக்காமல் போனில்தான் வைத்தார் என்பதையும், திரையின் மேல் ஓரத்தில் அவருடைய போனின் பேட்டரி அளவுகூடத் தெரிந்தது என்பதையும் கண் பார்த்தது, மூளை பார்க்கவில்லை. அது ஆண்ட்ராய்டு ஆட்டோவே அல்ல. போன் திரையை அப்படியே எடுத்துக் காட்டும் மிர்ரரிங்.

பில் கேட்டேன். பில் போட்டால் ஜிஎஸ்டி சேரும், வாரன்டிக்கு நான் இருக்கிறேன் என்றார். நம்ம ஊர்க்காரர் அல்லவா, தலையாட்டினேன். 18,500 ரூபாயும் ஸ்கேன் செய்தபோது கடையின் பெயர் வராமல் ஒரு தனிநபரின் பெயர் வந்தது. அண்ணன் கணக்கு என்றார். அதற்கும் தலையாட்டினேன். பழைய ஸ்டீரியோவை, கழற்றியது கழற்றியபடி அங்கேயே விட்டுவிட்டும் வந்தேன்.

அரியாங்குப்பம் பாலம் தாண்டுவதற்குள் வண்டியை ஓரங்கட்டி மூன்று முறை முயன்றேன். புளூடூத் இணைகிறது, அழைப்பு பேச முடிகிறது. ஆண்ட்ராய்டு ஆட்டோ மட்டும் "இணைக்கிறது" என்று சுற்றிச் சுற்றி நின்றுவிடுகிறது. கேபிள் செருகினால் சார்ஜ் மட்டும் ஏறுகிறது. ஸ்டீயரிங்கில் உள்ள பட்டன்களும் அன்றே செத்துவிட்டன. வயரை வெட்டாமல் செருகி இணைக்கும் கப்ளர் போடாமல், வயரை வெட்டி டேப் சுற்றியிருக்கிறார்கள்.

கடைக்காரரிடம் முறையிட்டேன். முதல் பதில், உங்கள் போன் பழையது என்பது. வயரில்லா ஆட்டோவுக்கு ஆண்ட்ராய்டு 11 இருந்தால் போதும், என்னுடையது 13. வில்லியனூரில் இருக்கும் என் மைத்துனரின் வண்டியில், கம்பெனியிலிருந்தே வந்த திரையில், இதே போன் இரண்டு நிமிடத்தில் இணைந்தது. அதைச் சொன்னதும் கேபிள் சரியில்லை என்று 450 ரூபாய்க்கு ஒன்றைத் தலையில் கட்டினார். அடுத்து, அப்டேட் வரும். அடுத்து, அப்டேட் போடும் பையன் காரைக்கால் போயிருக்கிறான். கடைசியாக, மாட்டிய பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம்.

நேற்றிரவு வண்டியை வாசலில் நிறுத்தி நானே சோதித்தேன். வயரில்லா ஆட்டோவில் புளூடூத் அறிமுகத்துக்கும் போன் அழைப்புக்கும் மட்டும்தான். அதன் பிறகு படமும் ஒலியும் பொதுவாக 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வழியாகத்தான் ஓடும். எங்கள் வீட்டு ரவுட்டருக்கு இரண்டு வைஃபை பெயர்கள், ஒன்று 2.4, மற்றொன்று 5. போனில் இரண்டும் தெரிகின்றன. 18,500 ரூபாய்ப் பெட்டியில் 2.4 மட்டும் தெரிகிறது. பையன் காரைக்காலிலிருந்து வந்து எந்த அப்டேட் போட்டாலும் இல்லாத வைஃபை முளைக்காது. இதைப் படமெடுத்து அனுப்பியதற்குத்தான் இன்று என்னைத் தடுத்தார்.

விரிவாக ஆலோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. கடையில் உங்கள் சொந்தப் போனை இணைக்கச் சொல்லுங்கள். இணைந்ததும் அதைப் பூட்டிச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, கார்த் திரையிலேயே விரலால் வரைபடத்தை நகர்த்துங்கள். நகராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பில் இல்லாமல் ஒரு ரூபாயும் தராதீர்கள். வயரை வெட்ட விடாதீர்கள். நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போகலாம்; ஆனால் என்னிடம் இருப்பது அண்ணன் கணக்குக்கு 18,500 போனதற்கான ஒரு ஸ்கிரீன்ஷாட். அதோடுதான் திங்கள்கிழமை வழக்கறிஞரைப் பார்க்கப் போகிறேன்.

பழைய ஸ்டீரியோவைக் கேட்டதற்கு, அது விற்றுப் போய்விட்டது என்றார். ஒலியைக் கூட்டும் குமிழில் என் மகள் ஒட்டிய நட்சத்திர ஸ்டிக்கர் இருக்கும். அந்தப் பக்கம் யார் வண்டியிலாவது பார்த்தால் எனக்குத் தெரிவியுங்கள்.