நாக்சோஸில் குளிர்காலக் குடித்தனம்: துறைமுகத்து வீடா, மலை ஊர் வீடா?

செப்டம்பர் முடிந்து அக்டோபரும் நகர்ந்தால் கிரேக்க நாட்டின் நாக்சோஸ் தீவில் உல்லாசப் பயணிகள் கிளம்பிவிடுவார்கள்; வாடகையும் இறங்கிவிடும். மாற்றலாகி வரும் பள்ளி ஆசிரியர்கள், எங்கிருந்தும் மடிக்கணினியில் வேலை பார்க்க முடிகிறவர்கள், ஓய்வு பெற்ற வடக்கு ஐரோப்பியர்கள் என்று பலரும் அப்போதுதான் அங்கே வீடு தேடுகிறார்கள். எல்லார் முன்னாலும் ஒரே கேள்விதான் நிற்கும்: துறைமுகப் பட்டணமான ஹோராவில் இருப்பதா, மலைமேல் இருக்கும் அபீராந்தோஸ் மாதிரி ஓர் ஊரில் இருப்பதா?

இரண்டு இடத்திலும் குளிர்காலத்தில் குடித்தனம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன். கடல் தெரிகிறதா என்று பார்த்து வீடு பிடிக்காதீர்கள். சுவரில் ஓதம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

நாக்சோஸ், ஏஜியன் கடலில் இருக்கும் சிக்லாடிஸ் தீவுக்கூட்டத்திலேயே பெரியது, சுமார் 430 சதுர கிலோமீட்டர். ஜனவரியில் கடலோரத்தில் சராசரி வெப்பநிலை 12 டிகிரி அளவில் இருக்கும். கேட்டால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் வருடத்து மழையில் பெரும்பகுதி நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் கொட்டிவிடும். பழைய வீடுகளோ கோடைக்காகக் கட்டியவை: தடித்த கல்சுவர், கல்தளம், சின்னச் சன்னல். ஆகஸ்டில் இது வரம். டிசம்பரில் அந்தச் சுவர் ஒருமுறை ஆறிப்போனால் மறுபடி சூடேற நாள்கணக்கில் ஆகும். ஆறிய சுவரில் ஈரக்காற்று பட்டால் வேர்க்கும். வேர்த்த இடத்தில் பூசணம் பூக்கும். அலமாரிக்குப் பின்னால், கட்டில் தலைமாட்டில், தோல் செருப்பின் உட்புறத்தில் என்று கண்ணுக்குப் படாத இடமாகப் பார்த்து வரும். குளிர்கால வீட்டுவேலையில் பாதி இதோடு மல்லுக்கட்டுவதுதான்.

கடலோரமும் மலையும்

ஹோராவில் மூன்று விதமான வீடு கிடைக்கும். முதலாவது, பழைய கோட்டைப் பகுதியான காஸ்த்ரோவிலும் அதைச் சுற்றிய சந்துகளிலும் இருக்கும் கல்வீடுகள். பார்க்க அவ்வளவு அழகு. ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் காற்று அதிகம் தாக்காது. ஆனால் குளிர்கால வெயிலும் உள்ளே வராது. இரண்டாவது, வடக்குப் பார்த்த க்ரோட்டா பகுதி. வாடைக்காற்று அடிக்கும் நாளில் அலையின் சாரல் வீட்டு முகப்பு வரை வரும். அங்கே சுவருக்குள் உப்பு இறங்கியிருக்கும். உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும் என்பதால் மழை பெய்யாத நாளிலும் சுவர் நசநசவென்று இருக்கும். சாந்து பொரிந்து தரையில் மாவாக உதிரும். காலையில் பெருக்கினால் மாலையில் மறுபடி பெருக்க வேண்டும். மூன்றாவது, ஊரின் தெற்குப் பக்கம் கட்டியிருக்கும் சாதாரண கான்கிரீட் அடுக்குவீடுகள். புகைப்படம் எடுக்கும்படியான அழகு எதுவும் இல்லை. ஆனாலும் ஹோராவில்தான் இருக்க வேண்டும் என்றால் நான் சொல்வது இந்த மூன்றாவதைத்தான். மாடியில், தெற்குப் பார்த்து, இரட்டைக் கண்ணாடிச் சன்னலோடு இருந்தால் யோசிக்கவே வேண்டாம். தரைத்தளத்து வீடு என்றால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

அபீராந்தோஸ் சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடலோரத்தைவிட நாலு டிகிரியாவது குளிர் கூடுதல். மேகம் இறங்கி ஊர்மேல் உட்கார்ந்துகொள்ளும்; சில வருடங்களில் பனியும் விழும். சந்துகள் பளிங்குக்கல் பாவியவை, மழையில் வழுக்கும். இதையெல்லாம் கேட்டுவிட்டுப் பலரும் மலையை ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் அங்கே கடல் உப்பின் தொல்லை இல்லை. அதைவிடப் பெரிய விஷயம், பல வீடுகள் குளிர்காலம் முழுக்க ஆள் குடியிருக்கும் வீடுகள். அடுப்பு எரிகிறது, பக்கத்து வீட்டிலும் அடுப்பு எரிகிறது, பொதுச்சுவர் இரண்டு பக்கமும் சூடாக இருக்கிறது. பயணிகளுக்கு மட்டும் விட்டுவிட்டு மீதி நாள் பூட்டிப்போடும் ஹோரா வீட்டுச் சுவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அபீராந்தோஸில் எதிர்வீட்டுக் கிழவி எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று: "வாடை அடிச்சா சன்னலைத் திற, தெக்கத்திக் காத்து அடிச்சா மூடு, தம்பி." முதலில் தலைகீழாகத் தோன்றியது. குளிர்காற்று வரும்போதா திறப்பது? பிறகுதான் புரிந்தது. வடக்கிலிருந்து வரும் குளிர்காற்று பெரும்பாலும் வறண்டது. தெற்கிலிருந்து வருவது கடலைக் கடந்து வரும் வெதுவெதுப்பான ஈரக்காற்று. அது குளிர்ந்த கல்சுவரில் பட்டதும் தண்ணீராக வழிந்துவிடும். வெளியே இதமாக இருக்கிறதே என்று சன்னலைத் திறந்துவைக்கும் நாளில்தான் தரை ஈரமாகிறது. அப்புறம் காற்றின் திசை பார்க்காமல் நான் சன்னலைத் தொட்டதில்லை.

எதை எரிப்பது

இந்த இடத்தில்தான் பணமும் போகும், உடம்பும் நோகும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் தள்ளிவிட வேண்டியது சக்கரம் வைத்த கேஸ் ஹீட்டர். உள்ளே சிலிண்டர் இருக்கும், புகைபோக்கி இருக்காது. வாங்க மலிவு, பற்றவைத்ததும் சூடு வரும். ஆனால் ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கும் மேல் நீராவி அறைக்குள்ளேயே வந்து சேருகிறது. சூடு வாங்குகிறோம் என்று நினைத்து ஈரத்தைத்தான் வாங்குகிறோம். மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு ஆபத்து வேறு. வீட்டுக்காரர் இதைத்தான் கொடுக்கிறார் என்றால் வேறு வீடு பாருங்கள்.

அடுத்து ஏசி. கோடைக்காக மாட்டியிருப்பதைக் குளிர்காலத்தில் வெப்பத்துக்குத் திருப்பிவிடலாம். வெளியே 8, 10 டிகிரி இருக்கும் கடலோரத்தில் இது மிகச் சிக்கனமாக வேலை செய்யும்; ஒரு பங்கு மின்சாரத்துக்கு மூன்று பங்கு வெப்பம் கிடைக்கும். அதே மின்சாரத்தைக் கம்பி ஹீட்டரில் செலவழித்தால் ஒன்றுக்கு ஒன்றுதான். ஹோரா அடுக்குவீட்டில் ஏசியை மிஞ்ச வேறெதுவும் இல்லை. ஆனால் காற்று சூடாகுமே தவிர கல்சுவர் சூடாகாது. நிறுத்தினால் பத்து நிமிடத்தில் பழைய கதைதான். பழைய கல்வீட்டில் இதை மட்டும் நம்பினால் மின்கட்டணம் எகிறும், சுவரும் வேர்த்துக்கொண்டே இருக்கும்.

மலை ஊருக்கு இரும்பு விறகடுப்புதான். புகைபோக்கி வழியாக அறையின் ஈரக்காற்றை அது வெளியே இழுத்துவிடுகிறது, மெதுவாகச் சுவரையும் சூடேற்றுகிறது. மேலே ஒரு பானை பருப்போ பீன்ஸோ வைத்தால் தானாக வெந்துகொண்டிருக்கும். சூறைக்காற்றில் மலைமேல் மின்சாரம் போகும். அப்போது ஏசியும் நிற்கும், மரத்தூள் குச்சி போட்டு எரிக்கும் பெல்லட் அடுப்பும் நிற்கும். அதற்குள் இருக்கும் விசிறிக்கும் குச்சியைத் தள்ளும் மோட்டாருக்கும் மின்சாரம் வேண்டுமே. விறகடுப்பு மட்டும் எரியும். 2018இல் சிரோஸ், பாரோஸ், மிக்கோனோஸ் தீவுகளும் அதன்பின் நாக்சோஸும் கடலடிக் கேபிளால் பெருநிலத்து மின்கட்டமைப்போடு இணைந்தன. அது பெரிய முன்னேற்றம். ஆனாலும் மலைச்சரிவில் நிற்கும் கம்பத்தைக் காற்று சாய்த்தால் கேபிள் என்ன செய்யும்?

விறகடுப்பின் பாரமும் பெரிதுதான். சிக்லாடிஸில் காடு குறைவு. விறகில் பெரும்பகுதி லாரியோடு கப்பலில் வருகிறது. ஊருக்குள் கிடைப்பது திராகேயா பள்ளத்தாக்கின் ஒலிவத் தோப்புகளில் கவாத்து செய்யும்போது கழிக்கும் கிளைகள். ஒலிவக் கட்டை நின்று எரியும், அனல் நன்றாக இருக்கும். ஆனால் காய்ந்திருக்க வேண்டும். வெட்டி ஒரு வருடமாவது ஆகாத பச்சை விறகு புகையும், புகைபோக்கிக்குள் தார் படியும், பிறகு அதுவே தீப்பற்றும். இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள்: கணீரென்று கேட்டால் காய்ந்தது, மந்தமாகக் கேட்டால் பச்சை. வாங்கியதைப் படிக்கட்டுச் சந்தில் சுமந்து, மழைபடாமல் அடுக்கி, தினமும் சாம்பல் அள்ளி... முதுகுவலி இருப்பவர்களுக்கு இது நடக்காது. அவர்கள் கீழேயே இருக்கட்டும்.

டீசல் பாய்லர் சில அடுக்குவீடுகளில் உண்டு. அதில் எரிக்க, வரி குறைத்து, சிவப்புச் சாயம் கலந்து விற்கும் வெப்ப எண்ணெய் அக்டோபர் 15 முதல் ஏப்ரல் 30 வரைதான் கிடைக்கும். கட்டடத்துக்கே பொதுவாக இருந்தால் அனுபவியுங்கள், அவ்வளவுதான்.

எந்த வீடாக இருந்தாலும் ஈரம் உறிஞ்சும் எந்திரம் ஒன்று வேண்டும். இதிலும் இரண்டு வகை. கம்ப்ரசர் வகை சூடான அறையில் நன்றாக இழுக்கும், மின்சாரம் குறைவு. 15 டிகிரிக்குக் கீழே போனால் சோம்பிவிடும். ஈரத்தை உறிஞ்சும் உலர்த்திச் சக்கரம் வைத்த வகை குளிர்ந்த படுக்கையறையிலும் இழுக்கும், ஆனால் மின்சாரம் அதிகம். ஹோராவுக்கு முதலாவது, மலைக்கு இரண்டாவது. ராத்திரி போட்டுவிட்டுக் காலையில் பார்த்தால் தொட்டியில் இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர் நிற்கும். அவ்வளவும் நம் மெத்தையில் இறங்கியிருக்க வேண்டியது.

துணியும் சுண்ணாம்பும்

ஒரு தடவை துவைத்த துணி காயும்போது சுமார் இரண்டு லிட்டர் தண்ணீரைக் காற்றில் விடுகிறது. ஆகவே வீட்டுக்குள் கொடி கட்டுவது கடைசி வழி. ஹோராவில் மொட்டைமாடிக் கொடியில் போட்ட துணி வாடையில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும், ஆனால் கடல்முகப்பு வீட்டில் துண்டு உப்பேறி அப்பளமாக விறைத்து வரும். மலையில் உப்பு இல்லை. மேகம் வந்தால் மூன்று நாளானாலும் காயாது. இந்த ஒரு விஷயத்தில் ஹோராவே மேல், கடலிலிருந்து இரண்டு தெரு உள்ளே இருந்தால். பிப்ரவரிக்குப் பின் தெற்குக் காற்றோடு சகாராவின் புழுதி வரும். அதில் மழையும் சேர்ந்தால் வெள்ளைத் துணியில் செம்மண் திட்டுதான். வானம் மஞ்சளாகத் தெரிந்தால் துணியை எடுத்துவிடுங்கள்.

சுவருக்குப் பிளாஸ்டிக் பெயின்டா, சுண்ணாம்பா என்பதிலும் எனக்குத் தயக்கமே இல்லை. பெயின்ட் சுவரின் ஈரத்தை உள்ளேயே அடைத்துவைக்கும். பிறகு கொப்புளித்து உரியும். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், அதன் காரத்தில் பூசணமும் எளிதில் பிடிக்காது. ஈஸ்டருக்கு முன் தீவு முழுக்கச் சுண்ணாம்பு அடிப்பது அழகுக்காக மட்டும் நடப்பதில்லை. பெயின்ட் அடித்த சுவரில் ஏற்கெனவே பூசணம் வந்திருந்தால், சன்னலைத் திறந்துவைத்து, குளோரின் கலந்த தண்ணீரில் துடைத்து, முழுக்கக் காயவிட்டு, அலமாரியை ஒரு கையகலம் தள்ளிப் போடுங்கள்.

சாப்பாடு, கப்பல், மருத்துவம்

சிக்லாடிஸ் பக்கம் காற்று, அதன் வேகத்தைச் சொல்லும் போஃபோர்ட் அளவுகோலில் 8ஐத் தொட்டால் பொதுவாகக் கப்பல் கிளம்பாது. இரண்டு மூன்று நாள் இப்படிப் போனால் ஹோரா சூப்பர்மார்க்கெட்டில் காய்கறித் தட்டுகள் காலி. ஆனால் நாக்சோஸ் பட்டினி கிடக்கும் தீவு இல்லை. புவிசார் குறியீடு பெற்ற உருளைக்கிழங்கும், பசும்பாலில் செய்யும் கிராவியேரா பாலாடைக்கட்டியும் உள்ளூரிலேயே விளைகிறவை. முதல் மழைக்குப் பின் மலைச்சரிவில் காட்டுக்கீரை முளைக்கும். கையில் கத்தியும் பையுமாகப் பாட்டிமார்கள் வழியோரம் குனிந்து கிள்ளிக்கொண்டிருப்பார்கள். வேகவைத்து, ஒலிவ எண்ணெயும் எலுமிச்சையும் விட்டால் போதும். கசப்பான அந்தக் கீரைக்காகவே மலையில் இருக்கலாம் என்பேன்.

மருந்துக்கடை, மருத்துவமனை, வங்கி எல்லாம் ஹோராவில். குளிர்காலத்தில் மலைப் பேருந்துகள் குறைவு. சின்னக் குழந்தையோ இதய நோயோ உள்ள வீட்டுக்கு இந்தக் காரணம் ஒன்றே போதும். ஹோராவுக்குப் போங்கள், மற்றதைச் சமாளிக்கலாம். பக்கத்திலிருக்கும் ஸ்கினூசா, இராக்லியா மாதிரிக் குட்டித் தீவுகளின் அமைதியைக் கேள்விப்பட்டு நேரே அங்கே போக நினைப்பவர்களிடமும் இதைத்தான் சொல்வேன். அங்கே அவசரம் என்றால் கடல் தணிய வேண்டும், இல்லை ஹெலிகாப்டர் வர வேண்டும்.

வெந்நீருக்குப் பெரும்பாலும் மொட்டைமாடிச் சூரிய ஹீட்டர். இரண்டு நாள் மேகம் போட்டால் மின்சுவிட்சைப் போட்டு அரைமணி காத்திருக்க வேண்டும். போட்டதை மறந்தால் கட்டணம் நினைவூட்டும். குடிக்க ஹோராவில் பலரும் பாட்டில் தண்ணீர்தான் வாங்குகிறார்கள். மலை ஊர்களில் ஊற்று உண்டு. கழிப்பறைக் காகிதத்தைக் குழாயில் போடாமல் கூடையில் போடுவது இரண்டு இடத்துக்கும் பொது.

வாடகை ஒப்பந்தத்தையும் கவனியுங்கள். ஹோராவில் பல வீட்டுக்காரர்கள் மே கடைசிவரைதான் கொடுப்பார்கள். பள்ளி முடியும் முன்பே ஆசிரியர்கள் பெட்டியைக் கட்ட வேண்டியிருப்பது அங்கே வருடாவருடம் நடக்கும் அநியாயம். மலை ஊரில் வருடம் முழுக்கத் தரச் சம்மதிப்பவர்கள் கிடைப்பார்கள். முன்பணம் கொடுக்கும் முன் வீட்டுக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: போன குளிர்காலத்தில் இங்கே யார் இருந்தார்கள், எதை எரித்தார்கள், இந்த அலமாரியைக் கொஞ்சம் நகர்த்திப் பார்க்கலாமா?