‘சில் மாற்றியாச்சு’ என்ற பில்லை நம்பி எம்ஜிபி வாங்காதீர்கள்

இங்கிலாந்தில் எம்ஜிபி ரோட்ஸ்டரை (எம்ஜி கம்பெனியின் பழைய திறந்த ஸ்போர்ட்ஸ் கார்) டிங்கரிங் வேலைக்கு விடுபவர்களும், ‘ரெஸ்டோர் செய்த வண்டி’ என்று விற்பதை வாங்கப் போகிறவர்களும் இதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

ஒரு பட்டறை கொடுத்த பில்லில் ‘இரு பக்கமும் சில் முழுதாக மாற்றப்பட்டது’ என்று இருந்தது. சில் என்பது கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதி. பெயின்டில் குறை சொல்ல முடியாது. வெளித்தகட்டை அறுத்தால் பழைய சில் துருவேறி உதிர்ந்தபடி அப்படியே கிடக்கிறது. அதன் மேலேயே மேல்மூடியாக ஒரு புதுத் தகட்டை வைத்து வெல்டு அடித்து, பட்டி பூசியிருக்கிறார்கள்.

1962 முதல் 1980 வரை ஆபிங்டனில் தயாரான இந்த வண்டிக்குத் தனிச் சேஸி கிடையாது. ரோட்ஸ்டருக்குக் கூரையும் இல்லை. நடுவில் தொய்யாமல் பிடித்திருப்பது இந்தச் சில்தான். அது ஒற்றைத் தகடு அல்ல: வெளிச்சில், நடுவில் மெம்ப்ரேன் என்ற தகடு, உள்சில், அடியில் காசில் ரெயில் என்ற நீளத் தகடு. அந்த ரெயிலில் கோட்டை மதில் போல விட்டிருக்கும் பள்ளங்கள் தண்ணீர் வடிவதற்கு. மேல்மூடியை அடியில் இடைவிடாமல் வெல்டு அடித்தால் வடிகால் அடைபட்டு, புதுத் தகடும் உள்ளிருந்தே அரிக்கும்.

சில், முன், பின் விங்குகளுக்கு (சக்கரத்தை மூடும் பக்கத் தகடுகள்) உள்ளேயும் நீண்டு போகிறது. ஒழுங்காக மாற்ற முன் விங்கைக் கழற்ற வேண்டும், பின் விங்கின் கீழ்ப்பகுதியை அறுக்க வேண்டும். பில்லில் இதற்கெல்லாம் கூலியே இல்லையென்றால் எப்படி மாற்றினார்கள் என்று கேளுங்கள். கதவுக்குக் கீழே முன்னும் பின்னும் விங்கும் சில்லும் சேரும் செங்குத்து மூட்டு தெரிய வேண்டும். வழவழவென்று ஒரே தகடாக ஓடினால் மேல்மூடிதான். மேக்னட்டை மட்டும் நம்பாதீர்கள். பட்டியை அது காட்டிக்கொடுக்கும், ஆனால் மேல்மூடியும் இரும்புதானே, ஜம்மென்று ஒட்டும். கதவைச் சாத்திவிட்டு ஜாக்கி பாயிண்டில் தூக்குங்கள். கதவு இடைவெளி மாறிக் கதவு பிடித்தால் பேரம் பேசாமல் கிளம்பிவிடலாம்.

வேலைக்கு விடுவதானால் வரிசையை எழுதி வாங்குங்கள். வண்டி எடை சக்கர அச்சுகளில் இருக்க வேண்டும். கதவை மாட்டி இடைவெளி சரிசெய்து, கதவுத் திறப்பின் குறுக்கே இரும்புச் சட்டம் வைத்து வெல்டு அடிக்க வேண்டும். ஒரு பக்கம் முடிந்த பிறகே அடுத்த பக்கம். காசில் ரெயில், மெம்ப்ரேன் முதலில். வெளிச்சில்லைக் கிளாம்பில் பிடித்து, கதவைச் சாத்திப் பார்த்த பிறகே வெல்டு. கதவைக் கழற்றி வைத்துவிட்டு வெல்டு அடித்தால், பிறகு அது பொருந்தாமல் விளிம்பைத் தேய்த்து மழுப்புவார்கள். கடைசியில் உள்ளே கேவிட்டி வேக்ஸ் (துருத் தடுப்பு மெழுகு) அடிக்க வேண்டும். வெளிச்சில் எடுத்து மெம்ப்ரேன் தெரியும் நிலையில் போட்டோ வராமல் அடுத்த தவணையைக் கொடுக்காதீர்கள்.

40 வயது தாண்டி, பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு 2018 மே முதல் எம்ஓடி என்ற வருடாந்திரத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. அதனால் இந்தத் திருட்டு வேலை வருடக்கணக்கில் யார் கண்ணிலும் படாது. விருப்பப்பட்டால் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். ஆனால் மேல்மூடியைப் பிரித்தெல்லாம் பார்க்க மாட்டார்கள்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால், வேறு பட்டறையில் அறுக்க விடுவதற்கு முன் சம்பந்தமில்லாத ஒரு இன்ஜினியரிடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி வேலையை மறுபடி சரியாகச் செய்யச் சொல்லலாம், முடியாவிட்டால் விலைக் குறைப்பு கேட்கலாம். அறுத்தெடுத்த துருத் தகடுகளைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள்.